அமெரிக்காவில் ஏன் அரியர் இல்லை?

தமிழ்நாட்டில் பொறியியல் முடித்துவிட்டு அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்கப் போகிறவர்கள் முதல் செமஸ்டரில், அக்டோபர் வாக்கில், சீனியர்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “ஒரு கோர்ஸ் போயிடும் போல இருக்கு. அப்படியே விட்டுட்டு அடுத்த செம்ல எழுதி கிளியர் பண்ணிக்கலாமா?” முடியாது. தோற்ற பாடத்தை அரியராக வைத்துப் பிறகு எழுத அங்கே பரீட்சையே நடக்காது. கோர்ஸ் போனால் போனதுதான். மறுபடி வேண்டுமென்றால் மறுபடி பணம் கட்டி, மறுபடி வகுப்பில் உட்கார்ந்து, முதல் அசைன்மென்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆனால் கேட்டால் கிடைக்கக்கூடிய வேறு வழிகள் அங்கே உண்டு: பாதியில் கோர்ஸிலிருந்து விலகலாம், முடிக்காத கோர்ஸுக்கு அவகாசம் வாங்கலாம். நம் இணைப்புக் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு இவை பழக்கமில்லை. கேள்வியே பட்டதில்லை என்பதால் கேட்காமல் விட்டு எஃப் கிரேடு வாங்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் கண்டிப்போ தாராளமோ இல்லை. பரீட்சை யார் கையில் இருக்கிறது என்பதுதான்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாக வைத்துத் தொடங்கப்பட்டது. அந்த மாதிரியில் பாடம் நடத்துவது கல்லூரியின் வேலை. பரீட்சை வைத்துப் பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகத்தின் வேலை. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் எலும்புக்கூடு அதேதான். 2001க்குப் பிறகு மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகளைத் தன்னோடு இணைத்துக்கொண்ட அண்ணா பல்கலைக்கழகமும் இப்படித்தான் இயங்குகிறது. உங்களுக்கு வகுப்பெடுத்தவர் வினாத்தாள் எடுப்பதில்லை. விடைத்தாளில் பெயர் இருக்காது, டம்மி நம்பர்தான் இருக்கும். எங்கோ ஒரு மையத்தில், உங்களைப் பார்த்தே இராத ஒருவர் திருத்துவார். சந்தேகம் இருந்தால் பணம் கட்டி விடைத்தாள் நகல் வாங்கலாம், ரீவேல்யூவேஷன் போடலாம்.

வகுப்பும் பரீட்சையும் இப்படித் தனித்தனியாக இருப்பதால்தான் அரியர் என்ற ஒன்று சாத்தியமாகிறது. வருகைப்பதிவு 75 சதவீதம் வந்துவிட்டதா, சரி, வகுப்பு முடிந்தது. இனி அந்தப் பாடத்துக்கு மிச்சம் இருப்பது ஒரு மூன்று மணி நேரப் பரீட்சை மட்டுமே. அது அடுத்த செமஸ்டரும் நடக்கும், அதற்கடுத்ததும் நடக்கும். ஃபீஸ் கட்டி ஹால் டிக்கெட் வாங்கினால் போதும். 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி தியரி பாடத்தில் இன்டர்னலுக்கு 40, செமஸ்டர் தேர்வுக்கு 60. தேர்வில் குறைந்தது 45 சதவீதமும் மொத்தத்தில் 50 சதவீதமும் வந்தால் பாஸ். தவறினால் கிரேடு இடத்தில் ‘யூ’ என்று வரும். 2017 ஒழுங்குமுறையில் அதுவே ‘ஆர்.ஏ.’. இரண்டுக்கும் பொருள் ‘மறுபடி எழுது’. நான்கு வருடப் படிப்பை ஏழு வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அந்தக் கதவும் முழுதாக மூடுவதில்லை. 2021 நவம்பர்-டிசம்பர் தேர்வுகளின்போது, 2001-02 முதல் சேர்ந்து கப்பு (அரியருக்குக் கல்லூரிப் பேச்சில் பெயர்) வைத்திருந்தவர்களுக்கெல்லாம், கூடுதலாக 5,000 ரூபாய் கட்டினால் எழுதலாம் என்று சிறப்பு வாய்ப்பு கொடுத்தார்கள். கல்லூரியை விட்டு வந்து, கல்யாணமாகி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகும் எம்-3 (கணிதம் மூன்றாம் தாள்) எழுத வந்தவர்கள் உண்டு.

அமெரிக்காவில் இது நடக்காததற்குக் காரணம், அங்கே பேராசிரியர்தான் எல்லாம். சிலபஸ் அவருடையது, வினாத்தாள் அவருடையது, கிரேடும் அவருடையது. பதினைந்து வாரம் ஓடும் ஒரு கோர்ஸில் ஹோம்வொர்க்குக்கு 20 சதவீதம், மிட்டெர்முக்கு 25, புராஜெக்டுக்கு 25, ஃபைனலுக்கு 30 என்று அவர் முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுவார். இன்னொருவர் அதே கோர்ஸை ஃபைனலே இல்லாமல் நடத்தலாம். இதில் எதைத் தனியே பிரித்து அடுத்த வருடம் எழுதுவது? ரீவேல்யூவேஷனும் அதனால்தான் இல்லை. கிரேடை எதிர்த்து முறையிட வழி உண்டு. ஆனால் பேராசிரியர் பாரபட்சமாகவோ தான் சொன்ன விதியை மீறியோ நடந்தார் என்று காட்ட வேண்டும். ‘இன்னும் நாலு மார்க் போட்டிருக்கலாம்’ என்பது அங்கே செல்லாது.

பரீட்சைதான் திரும்ப வராதே, அதனால் அங்கே விதிகளெல்லாம் காலண்டரைச் சுற்றியே எழுதப்பட்டிருக்கின்றன. செமஸ்டரின் முதல் ஓரிரு வாரங்களில் ஒரு கோர்ஸை விட்டால் அது டிராப். பதிவேட்டில் சுவடே இருக்காது, ஃபீஸும் பெரும்பாலும் திரும்பி வரும். அதற்குப் பிறகு, கல்லூரிக்குக் கல்லூரி மாறும் ஒரு கடைசித் தேதி வரை, விலகினால் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது மதிப்பெண் பட்டியலில், ‘டபிள்யூ’ விழும். அது ஜி.பி.ஏ. (கிரேடுகளின் சராசரி) கணக்கில் சேராது, பணம் மட்டும் பெரும்பாலும் போய்விடும். அந்தத் தேதியும் தாண்டிவிட்டால் நோய், குடும்பத்தில் மரணம் மாதிரியான காரணத்துக்கு டீன் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். சில இடங்களில் தாமதமாக விலகினால் ‘டபிள்யூ.எஃப்.’ கொடுப்பார்கள், பெயரில்தான் விலகல், கணக்கில் எஃப்.

எழுத்துகளும் எல்லா இடத்திலும் ஒன்றில்லை. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு கோர்ஸை மட்டும் விட்டால் ‘கியூ’. ‘டபிள்யூ’ என்றால் அந்த செமஸ்டருக்கு மொத்தமாகவே விலகிவிட்டார் என்று பொருள். முடிக்காத கோர்ஸுக்கு ‘எக்ஸ்’. டெக்சஸில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. 2007 இலையுதிர் செமஸ்டர் முதல் சேர்ந்த இளநிலை மாணவர்கள், மாநில அரசுக் கல்லூரிகள் எல்லாவற்றையும் சேர்த்து, மொத்தம் ஆறு கோர்ஸுக்கு மேல் இப்படி விடக் கூடாது. கல்லூரி மாறினாலும் எண்ணிக்கை கூடவே வரும். அரசுப் பணம் போகும் இடத்தில் சீட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு பாதியில் எழுந்து போகாதே என்கிற சட்டமன்றத்தின் கணக்கு அது.

ஒருகாலத்தில் இதைவிட இளகிய இடங்கள் இருந்தன. ஸ்டான்ஃபோர்டு 1970இல் எஃப் கிரேடையே எடுத்துவிட்டது. ஃபைனலுக்கு முந்தைய நாள் வரைகூடக் கோர்ஸை விட்டுவிடலாம், பதிவேட்டில் எதுவும் இருக்காது. விளைவை ஊகிக்கலாம்: யாருமே தோற்காத பல்கலைக்கழகம். 1994இல் ஆசிரியர் பேரவை கூடி, ‘நோ பாஸ்’ என்ற பெயரில் தோல்வியைத் திரும்பக் கொண்டுவந்தது. விலகலுக்கும் கெடு வைத்து, தாமதமாக விலகினால் பதிவேட்டில் தெரியும்படி செய்தது. இருபத்து நான்கு வருடம் பிடித்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

இனி நம் மாணவர்கள் உண்மையில் மாட்டிக்கொள்ளும் இடத்துக்கு வருவோம். அமெரிக்கர்களுக்கு டபிள்யூ என்பது பெரும்பாலும் பண நஷ்டம். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவருக்கு அது குடியேற்றத் துறை விவகாரம். முழுநேர மாணவராக இருப்பதுதான் விசாவின் நிபந்தனை: இளநிலையில் 12 கிரெடிட், முதுநிலையில் கல்லூரி நிர்ணயிப்பது, பெரும்பாலும் 9. எம்.எஸ். மாணவர் மூன்று கோர்ஸ் எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம், தலா 3 கிரெடிட். ஒன்றில் ஏ, ஒன்றில் ஏ மைனஸ் நிச்சயம். மூன்றாவதில் ஃபெயில் ஆகும் நிலை. அதை விட்டுவிட்டால் ஜி.பி.ஏ. 3.85, ஆனால் கையில் இருப்பது 6 கிரெடிட், விசா நிபந்தனை உடைகிறது. விடாமல் எஃப் வாங்கினால் 9 கிரெடிட் இருக்கிறது, விசா பத்திரம், ஜி.பி.ஏ. 2.57. முதுநிலையில் 3.0க்குக் கீழே போனால் பெரும்பாலான இடங்களில் புரொபேஷன் என்ற எச்சரிக்கை நிலை, டி.ஏ. (பேராசிரியருக்குப் பாடத்தில் உதவும்) வேலையும் ஆட்டம் காணும். அந்த 2.57ஐ அடுத்த செமஸ்டர் மூன்று கோர்ஸை வைத்து 3.0க்கு இழுக்க, சராசரி 3.43 வாங்க வேண்டும். அதாவது சராசரியாக பி பிளஸ்ஸுக்கு மேல். விட்டாலும் உதை, விடாவிட்டாலும் உதை.

சட்டம் இதற்குச் சில வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. குறைந்த பாடச்சுமை அனுமதி என்பது அதன் பெயர். ஆங்கிலத்தில் சிரமம், அமெரிக்கப் பாடமுறை பழக்கமில்லாமை, தகுதிக்குப் பொருந்தாத கோர்ஸில் சேர்த்துவிட்டார்கள் என்பது போன்ற காரணங்களுக்கு, ஒரு பட்டப்படிப்பில் ஒரே ஒரு தடவை கிடைக்கும். அப்போதும் பாதிச் சுமையாவது இருக்க வேண்டும், அடுத்த வழக்கமான செமஸ்டரில் முழுநேரத்துக்குத் திரும்பிவிட வேண்டும். மருத்துவக் காரணத்துக்கு மொத்தம் 12 மாதம் வரை கிடைக்கும், டாக்டர் கடிதத்துடன். கடைசி செமஸ்டரில் மிச்சமிருக்கும் கோர்ஸ் குறைவு என்றால் அதற்கும் அனுமதி உண்டு. வரிசைதான் முக்கியம். முதலில் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் உள்ள அதிகாரி அனுமதியைக் கணினியில் ஏற்ற வேண்டும், அப்புறம்தான் கோர்ஸை விடவேண்டும். ராத்திரி பதினொன்றரைக்கு, கெடு முடியப் போகிறதே என்று போர்ட்டலில் ‘டிராப்’ பொத்தானை அமுக்கிவிட்டுக் காலையில் அலுவலகத்துக்குப் போகிறவர்களுக்குத்தான் சிக்கல். இதில் இன்னொரு கண்ணி: ஒரு செமஸ்டரில் முழுநேரக் கணக்குக்கு ஆன்லைன் கோர்ஸ் ஒன்று, அதாவது 3 கிரெடிட் வரைதான் சேரும். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது என்று நேரடி வகுப்பை விட்டுவிட்டு ஆன்லைன் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் கணக்கு உதைக்கலாம்.

இந்த இக்கட்டில் இரண்டு பக்கமும் கெடாத வழி ஒன்று இருக்கிறதென்றால் அது ‘ஐ’, இன்கம்ப்ளீட். பதிவு அப்படியே இருக்கும், கிரெடிட் குறையாது. கிரேடு விழாததால் ஜி.பி.ஏ.வும் அடிபடாது. ஆனால் படிக்காதவருக்குக் கிடைக்கிற சலுகை இல்லை இது. கோர்ஸில் பெரும்பகுதி வேலையை முடித்திருக்க வேண்டும், அதுவரை பாஸ் ஆகும் நிலையில் இருந்திருக்க வேண்டும், தன் கையில் இல்லாத காரணத்தால் மிச்சம் நின்றிருக்க வேண்டும். டிசம்பர் முதல் வாரம் டெங்குவோ விபத்தோ வந்து ஃபைனல் எழுத முடியாமல் போனவருக்குக் கிடைக்கும். செப்டம்பரிலிருந்து வகுப்புக்கே வராதவருக்குக் கிடைக்காது.

பல இடங்களில் இதற்கு ஒரு படிவம் இருக்கிறது, ஒப்பந்தம் என்றே சொல்லலாம். இதுவரை முடித்தது என்ன, அதற்கான மதிப்பெண் என்ன, பாக்கி என்ன, எந்தத் தேதிக்குள் தர வேண்டும், தராவிட்டால் எந்த கிரேடு விழும் என்று பேராசிரியர் எழுதுவார். கடைசி வரிதான் ஆபத்து. கெடு தாண்டினால் யாரும் போன் பண்ணி நினைவூட்ட மாட்டார்கள். ஐ தானாகவே எஃப் ஆகிவிடும். ஸ்டான்ஃபோர்டில் அதிகபட்சம் ஒரு வருடம். அதற்குள் முடிக்காவிட்டால் ‘நோ பாஸ்’ அல்லது ‘நோ கிரெடிட்’. பேராசிரியர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டால் கதை இன்னும் சிக்கலாகும். அவர் மனதில் இருந்த பாக்கி வேலை என்னவென்று துறைத் தலைவருக்குத் தெரிய வேண்டுமே. அதனால் வாய்மொழி வாக்குறுதியோடு நிற்காமல் படிவத்தில் எழுதி வாங்கச் சொல்கிறார்கள். ஐ நிலுவையில் இருக்கும்போது பட்டம் கிடைக்காது என்பதால், கடைசி செமஸ்டரில் இதை வாங்குகிறவர் வேலை அனுமதித் தேதிகளையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

நம் ஊர் இணைப்புக் கல்லூரி விதிகளில் இதற்கு நேரான ஒன்று கிடையாது. ஏன் வேண்டும்? தேர்வன்று காய்ச்சலா, வரவில்லையா, அடுத்த முறை எழுது, அவ்வளவுதான். காய்ச்சலில் படுத்தவரும் சினிமாவுக்குப் போனவரும் ஹாலில் உட்கார்ந்து வெறும் பேப்பர் கொடுத்தவரும் விதியின் கண்ணில் ஏறக்குறைய ஒன்றுதான். ஜனநாயகம் என்று சொல்வதா, அலட்சியம் என்று சொல்வதா தெரியவில்லை.

இருந்தாலும் அண்ணா பல்கலைக்கழக விதிகளில் ‘தேர்விலிருந்து விலகல்’ என்று ஒரு பிரிவு இருக்கிறது. படிப்புக் காலம் முழுவதிலும் ஒரே ஒரு முறை. உடல்நலம், எதிர்பாராத குடும்பச் சூழ்நிலை, அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டுப் போட்டி ஆகியவற்றுக்கு, தேர்வுக்கு முன்பே கல்லூரி முதல்வர் வழியாகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். வருகைப்பதிவு சரியாக இருந்து தேர்வெழுதத் தகுதி பெற்றவர்தான் விலகவே முடியும். இதனால் யாருக்கு லாபம் என்று பார்த்தால் வேடிக்கை. டிஸ்டிங்ஷனோடு முதல் வகுப்பு வாங்க சி.ஜி.பி.ஏ. 8.5 இருந்தால் மட்டும் போதாது. எல்லாப் பாடத்தையும் முதல் முயற்சியிலேயே பாஸ் பண்ணியிருக்க வேண்டும். ஆப்சென்ட் ஆனால் ஒரு முயற்சி போய்விடும், டிஸ்டிங்ஷனும் போய்விடும். முறைப்படி விலகினால் அது முயற்சியாகவே எண்ணப்படாது. ஆக, கிளாஸ் டாப்பருக்கு அம்மை போட்டால் உதவும் விதி இது. இரண்டு கப்பு வைத்திருக்கும் பையனுக்கு இதனால் ஆகப்போவது ஒன்றும் இல்லை, அதனால் அவன் காதுக்கு இது எட்டுவதும் இல்லை.

கண்டிப்பு வேறு இடத்தில் இருக்கிறது, வருகைப்பதிவில். 75க்குக் கீழே, 65 வரை இருந்தால் மருத்துவச் சான்றிதழ் மாதிரியான காரணம் காட்டி கண்டோனேஷன், அதாவது விலக்கு, வாங்கலாம். 65க்கும் கீழே போனால் தேர்வெழுத முடியாது. இங்கே கவனிக்க வேண்டியது, இது பாடவாரியான கணக்கு இல்லை, செமஸ்டர் முழுவதற்குமான மொத்தக் கணக்கு. அதனால் தண்டனையும் மொத்தமாகத்தான்: அந்த செமஸ்டரையே அடுத்த கல்வியாண்டில் ஜூனியர்களோடு உட்கார்ந்து திரும்பப் படிக்க வேண்டும். ஆறு பாடத்தில் கப்பு வைத்தவர் மேலே போய்க்கொண்டே இருப்பார். ஒன்றிலும் தோற்காமல் வகுப்புக்கு மட்டும் வராதவர் ஒரு வருடம் பின்தங்குவார். பரீட்சையைத் திரும்ப நடத்த முடிகிறது, வகுப்பைத் திரும்ப நடத்த முடிவதில்லை என்ற நிர்வாகக் கணக்குதான் இந்த விசித்திரத்தின் அடியில் இருக்கிறது.

பரீட்சை ஆசிரியர் கையில் இருந்தால் இன்கம்ப்ளீட் தானாக முளைக்கும் என்பதற்கு இந்தியாவுக்குள்ளேயே சாட்சி உண்டு: ஐ.ஐ.டி.கள். கான்பூர் ஐ.ஐ.டி.யை 1962 முதல் 1972 வரை ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து வளர்த்தன. செமஸ்டரும் எழுத்து கிரேடும் கூடவே வந்தன. ஜெர்மனி உதவியோடு எழுந்த சென்னை ஐ.ஐ.டி.யிலும் பாடம் நடத்துபவர்தான் கிரேடு போடுகிறார். அங்கே ‘ஐ’ இருக்கிறது: தகுதி இருந்தும் செமஸ்டர் தேர்வை எழுத முடியாமல் போனவருக்கு அது விழும், மருத்துவக் காரணம் ஏற்கப்பட்டால் மறுதேர்வு நடத்தி உரிய கிரேடாக மாற்றுவார்கள். ‘டபிள்யூ’வும் இருக்கிறது, ஆனால் பொருள் தலைகீழ். அது வருகைப்பதிவு பற்றாக்குறையால் அந்தக் கோர்ஸில் தோல்வி, மதிப்பு பூஜ்யம். அமெரிக்காவில் கௌரவமாக விலகியதைக் காட்டும் எழுத்து, சென்னை ஐ.ஐ.டி.யில் வகுப்புக்கு 85 சதவீதம் வராததைக் காட்டுகிறது.

2020இல் கொரோனா வந்தபோது இரண்டு அமைப்புகளும் தத்தம் இயல்பிலேயே நடந்துகொண்டன. எம்.ஐ.டி. (குரோம்பேட்டையில் இருப்பது இல்லை, மாசசூசெட்ஸ்) அந்த செமஸ்டருக்கு வழக்கமான எழுத்து கிரேடுகளை நிறுத்திவைத்து அவசரகால பாஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஆசிரியர்கள் கோர்ஸை இணையவழியில் முடித்து, போடும் கிரேடை மட்டும் மாற்றினார்கள். இங்கே மாற்றுவதற்கு இருந்தது பரீட்சை ஒன்றுதான். இறுதி செமஸ்டர் தவிர மற்ற அரியர் பாடங்களுக்கு ஃபீஸ் கட்டியிருந்த எல்லோரும் பாஸ் என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி 2020 ஆகஸ்ட் 26 அன்று அறிவித்தார். முதல்வருக்கு நன்றி சொல்லிப் பேனர் வைத்த ஊர்களும் உண்டு. தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. எதிர்ப்புத் தெரிவித்தது; அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் பாலகுருசாமி உள்ளிட்டோர் நீதிமன்றம் போனார்கள். தேர்வே இல்லாமல் பாஸ் என்பதை ஏற்க முடியாது, ஏதாவது ஒரு வகையில் தேர்வு நடத்துங்கள் என்று 2021 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் சொன்னது. நீதிமன்றம் தவிர்க்க முடியாத இடத்தில்தான் நின்றது. அரியர் மாணவருக்கு வகுப்பு எப்போதோ முடிந்துவிட்டது. பாஸ் போடுவதற்குப் பரீட்சையைத் தவிர வேறு ஆதாரமே அமைப்பிடம் இல்லை.

யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2021 ஜூலையில் கொண்டுவந்த கிரெடிட் வங்கி, முடித்த கோர்ஸின் கிரெடிட்டை ஏழு வருடம் வரை சேமித்து வைத்து, வேறு கல்லூரியில் தொடர வழி செய்கிறது. பாதியில் படிப்பை நிறுத்துகிறவருக்கு இது உதவும். ஆனால் வங்கியில் போட முதலில் கிரெடிட் கைக்கு வர வேண்டும். ‘யூ’ வாங்கிய பாடத்துக்குப் போட ஒன்றுமில்லை, அங்கே பழையபடி நவம்பர் தேர்வுதான்.

இந்த எழுத்துகள் கடல் தாண்டும்போது யார் எப்படிப் படிப்பார்கள் என்பது தனிக் கவலை. நம் மதிப்பெண் பட்டியலில் பாஸான மாதமும் வருடமும் அச்சாகியிருக்கும். இரண்டாம் செமஸ்டர் பாடத்துக்குப் பக்கத்தில் மூன்று வருடம் தள்ளி ஒரு தேதி இருந்தால், எத்தனை முறை எழுதினார் என்று யாரும் சொல்லாமலே புரிந்துவிடும். அதனால்தான் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சில, எத்தனை அரியர் இருந்தது என்று காட்டும் பேக்லாக் சர்டிஃபிகேட்டைத் தனியாகக் கேட்கின்றன. பாஸான பிறகு கப்பு கணக்கில் இல்லை என்ற நம் ஊர் நினைப்பு அங்கே செல்லுபடியாகாது. சென்னை ஐ.ஐ.டி.யின் டபிள்யூவைப் பார்க்கும் அமெரிக்க அலுவலர் தானாக விலகியிருக்கிறார் என்று நினைத்தால் மாணவருக்கு லாபம். டெக்சஸ் கியூவை நம் ஊர் எச்.ஆர். என்னவென்று நினைப்பாரோ தெரியாது. டிரான்ஸ்கிரிப்டின் பின்பக்கம் எந்த எழுத்துக்கு என்ன பொருள் என்று ஒரு பட்டியல் அச்சிட்டிருப்பார்கள். ஸ்கேன் பண்ணி அனுப்புகிறவர்கள் முன்பக்கத்தை மட்டும்தான் அனுப்புகிறார்கள். இரண்டு பக்கத்தையும் அனுப்புங்கள்.